போட்ட கைக்கு எடுக்கத் தெரிய வேண்டாமா?

2016-ஆம் ஆண்டு சீன அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. பெண்களின் கருப்பையில் போட்ட தடை வளையத்தை இலவசமாக எடுத்து விடுவார்களாம். இலவசம் என்றதும் நமக்குக் கைதட்டத் தோன்றும். ஆனால், அந்த வளையத்தைப் போட்டது யாருங்க? அதே அரசுதானே!

அங்கே 2015 முடியும் வரை 'ஒரே பிள்ளை' சட்டம். தலைப்பிள்ளை பிறந்ததும் வளையம். அடுத்ததும் பிறந்து விட்டால் ஆபரேஷன். 1980 முதல் 2014 வரை வளையம் போடப்பட்ட பெண்கள் 32 கோடியே 40 லட்சம் பேர். இது அரசாங்கக் கணக்கு.

நம் பக்கம் போடும் காப்பர்-டியில் மெல்லிய நூல் தொங்கும். வேண்டாமென்றால் டாக்டர் இடுக்கியால் நூலைப் பிடித்து இழுப்பார். சில நிமிட வேலை. சீனாவின் பழைய வளையத்தில் நூலே கிடையாது. பேனா ஸ்பிரிங் போலச் சுருட்டிய எஃகுக் கம்பியை வட்டமாக்கி உள்ளே வைத்து விட்டார்கள். அந்தப் பெண் நினைத்தாலும் லேசில் எடுக்க முடியாது. பூட்டைப் போட்டுச் சாவியைக் கிணற்றில் போட்ட கதைதான். 1990-களில் காப்பர் வகைக்கு மாறினார்கள். அதற்குமுன் போட்டது பலருக்கு உள்ளேயே தங்கிப் போனது.

அதை எடுக்கும் கருவி, நுனியில் சிறு கொக்கி வைத்த நீளக் கம்பி. கருப்பை வாய் வழியே விட்டு, வளையத்தைத் தடவிப் பிடித்து மாட்டி இழுக்க வேண்டும். சதையில் புதைந்திருந்தால், மாட்டிய இடத்தை வெளியே கொண்டுவந்து கத்தரித்து, ஸ்பிரிங்கைப் பிரித்து, கம்பியாக உருவுகிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ கருப்பை சுருங்கி வாயும் இறுகியிருக்கும். கண்ணால் பாராமல் கொக்கி போட்டால் கருப்பையே துளைபட்டுப் போகலாம். குழாய் நுனியில் கேமரா வைத்த ஹிஸ்டரோஸ்கோப் இருந்தால் டாக்டர் பார்த்துக்கொண்டே எடுப்பார். அது பெரிய ஆஸ்பத்திரி வசதி. கிராமத்துக் கிழவிக்கு எட்டுமா?

அந்த இலவசமும் யாருக்கு என்று பாருங்கள். இன்னொரு பிள்ளை பெறக் கூடியவர்களை மனத்தில் வைத்துத்தான்! நாட்டுக்குப் பிள்ளை தேவைப்பட்டபோதுதான் வளையம் ஞாபகத்துக்கு வந்தது. சீனப் பெண்கள் பலர் கோபப்பட்டதில் தப்பே இல்லை.

நம் தாய்மார்களிலும் எப்போதோ போட்டுக்கொண்டு மறந்தவர்கள் இருப்பீர்கள். காப்பர்-டியில் நெடுநாள் வகைக்கே 10 ஆண்டுதான் கணக்கு. மாதவிடாய் நின்றவர்களும் கிளினிக்கில் சொல்லி எடுத்துவிட வேண்டும். நூல் காணோம் என்றால் பயம் வேண்டாம். முதலில் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேனில் தெரியவில்லையென்றால் எக்ஸ்ரே. அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் யாரையும் கருவியை எடுக்க விடாதீர்கள்.