அரைப்புள்ளித் தமிழ்

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்கு அப்புறம் வரும் மூன்று எழுத்தை விண்டோஸ் மறைத்துவைப்பது பற்றி இந்தப் பத்தியில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். அப்போது ஒரு வாசகர், "உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?" என்று எழுதிக் கேட்டார். இந்த வாரம் நிஜமாகவே இல்லை. அந்த மூன்று எழுத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது அல்லவா? அந்தச் செய்தியின் அலை எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் வரை வந்து அடித்திருக்கிறது. சித்தப்பா புது மடிக்கணினி வாங்கிவிட்டார். கடைப் பையன் விண்டோஸ் 11 போட்டு, வாட்ஸப் ஏற்றி, "எல்லாம் ரெடி சார்" என்று அனுப்பிவைத்தான். சித்தப்பா அதில் முதல் வேலையாகத் திறக்கப் பார்த்தது, தன் மின்னஞ்சலில் வருஷக்கணக்காக இணைப்பாகக் கிடந்த ஒரு ஸ்லைடு ஷோ. தாத்தாவின் சதாபிஷேகத்துக்காக 2004-இல் அவரே உட்கார்ந்து செய்தது. இப்போது சொடுக்கினால் நோட்பேடு திறந்தது. உள்ளே கட்டங்களும் வாயில் நுழையாத குறிகளும்.

"வைரஸாடா?" என்றார் போனில்.

"இல்ல சித்தப்பா. எதுல திறக்கட்டும்னு அது கேட்டிருக்கும். நீங்க நோட்பேடை அமுக்கியிருப்பீங்க."

"கேட்டுச்சு. ஏதோ ஒண்ணை அமுக்கினேன். இது என்ன கோப்புன்னு அதுக்கே தெரியாதா?"

தெரியாது. சித்தப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கேள்வி சரியாகத்தான் வரும். விண்டோஸ் கோப்பின் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. பெயரின் வாலை மட்டும் பார்க்கிறது. பிபிஎஸ் என்று வால் இருந்தால் எந்தச் செயலியைக் கூப்பிட வேண்டும் என்று ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பு இருக்கும். பழைய கணினியில் அந்த இடத்தில் பவர்பாயின்ட் இருந்தது. புதியதில் பவர்பாயின்டே இல்லை, ஆகவே குறிப்பும் இல்லை. கேட்டபோது கை பட்ட இடம் 'ஆல்வேஸ்' என்ற பொத்தானாக இருந்தால், அன்று முதல் அதுவே சட்டம்.

சரிசெய்வது சுலபம். இணைப்பை மின்னஞ்சலிலிருந்தே திறக்காமல் முதலில் கணினியில் இறக்கிக்கொள்ள வேண்டும். அதன் மேல் வலது சொடுக்கு, 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', சரியான செயலியைக் காட்டி மறுபடி அதே 'ஆல்வேஸ்'. சரியான செயலி இருந்தால்தானே காட்ட முடியும்? முன்பெல்லாம் இதற்கென்றே பவர்பாயின்ட் வியூவர் என்று இலவசமாக ஒன்று கிடைத்தது. 2018 ஏப்ரலோடு அதற்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். லிப்ரே ஆபீஸை இறக்கி நிறுவச் சொன்னேன். அதில் இருக்கும் இம்ப்ரெஸ் பழைய பிபிஎஸ் கோப்பை முகம் சுளிக்காமல் திறக்கும், காசும் கேட்காது.

இங்கே ஒரு வேடிக்கை. அந்தக் காலத்து பிபிஎஸ்ஸும் பிபிடியும் உள்ளுக்குள் ஒன்றேதான். வால் பிபிஎஸ் என்று இருந்தால் பவர்பாயின்ட் நேரே காட்சியைத் தொடங்கும், பிபிடி என்று இருந்தால் திருத்துவதற்காகத் திறக்கும். பெயரை மாற்றினால் குணம் மாறிவிடும். இவ்வளவு அதிகாரம் கொண்ட வாலைத்தான் விண்டோஸ் பயனாளரின் கண்ணில் படாமல் மறைக்கிறது. மருந்துக் கடைக்காரர் சீசாவிலிருந்து சீட்டைக் கிழித்துவிட்டு மருந்தை மட்டும் நீட்டுகிற மாதிரி. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பி உலகத்தையே சுற்றிவந்த 'ஐ லவ் யூ' புழு பிழைத்ததே இந்த மறைப்பால்தான். காதல் கடிதம் என்று ஒரு இணைப்பு. பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதாகத் தெரியும். அதற்குப் பின்னால் விபிஎஸ் என்று உண்மையான வால் ஒளிந்திருந்தது. வெறும் எழுத்துக் கோப்பு என்று நம்பிச் சொடுக்கியவர்கள் ஒரு நிரலை ஓடவிட்டார்கள். இவ்வளவு நடந்தும், விண்டோஸ் 11-இலும் ஆரம்ப ஏற்பாடு மறைப்புதான். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. போய் டிக் அடித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். பழைய மெக்கின்டாஷில் கோப்பின் வகையையும் அதை உருவாக்கிய செயலியையும் நாலெழுத்துக் குறிகளாகப் பெயருக்கு வெளியே தனியாக வைத்திருந்தார்கள். 1984-லேயே! சரி, ரத்தக்கொதிப்பு ஏறுவதற்குள் நிறுத்திக்கொள்கிறேன்.

சித்தப்பாவின் ஸ்லைடு ஷோ திறந்துவிட்டது. கோப்பை எனக்கும் அனுப்பியிருந்தார், இருவரும் போனில் பேசிக்கொண்டே பார்த்தோம். படங்கள் வந்தன. நாதஸ்வரம் வரவில்லை. பாட்டு கோப்புக்குள் இருந்தால்தானே வரும்? அந்தக் காலத்துப் பவர்பாயின்ட், எம்பி3 பாட்டைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது. சி டிரைவில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று முகவரியை மட்டும் எழுதிவைக்கும். அந்த சி டிரைவ் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. நாதஸ்வரம் போகட்டும். எழுத்து எங்கே? முதல் ஸ்லைடில் தாத்தா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். மேலே தலைப்பில் எம், ஜி, ஓர் அரைப்புள்ளி, மறுபடி ஜி, எச்.

"இதென்னடா, அப்பா படத்துக்கு மேல இங்கிலீஷ்ல ஏதோ திட்டியிருக்கு?"

பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். எம் என்றால் அ. ஜியும் அரைப்புள்ளியும் சேர்ந்தால் ப். ஜி எச் என்றால் பா. 'அப்பா' என்றுதான் எழுதியிருக்கிறது. இதே கணக்கில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் 'தமிழ்'. எழுத்துரு இருந்தவரை அது தமிழாகத் தெரிந்தது. புதுக் கணினியில் பாமினி இல்லை, வேஷம் கலைந்துவிட்டது.

எழுத்துருவை நிறுவினால் மறுபடி தமிழ் தெரியும். தெரிந்தது, சித்தப்பாவுக்கும் சந்தோஷம். எனக்குத்தான் ஆறவில்லை. ஏனென்றால் கோப்புக்குள் இருப்பது இப்போதும் எம்மும் ஜியும்தான். கோப்பு என்னவென்று வால் சொல்ல வேண்டியிருக்கிறது, எழுத்து என்னவென்று எழுத்துரு சொல்ல வேண்டியிருக்கிறது. வால் போனால் 'ஓப்பன் வித்' போட்டு மீட்டுவிடலாம். எழுத்துரு போனால், இது எந்த எழுத்துருவில் அடித்தது என்று யாராவது நினைவு வைத்திருந்தால்தான் உண்டு. ஒரு காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. ஒன்றில் க இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறு எழுத்து. சென்னையில் 1999 பிப்ரவரியில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று இரண்டு தரத்தையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தார்கள். இணையத்துத் தமிழர்கள் டிஸ்கி என்று வேறொன்றை வளர்த்தார்கள். இத்தனைக்கும் யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே 128 இடங்களை ஒதுக்கியாயிற்று. விண்டோஸ் 2000 'லதா' என்ற யூனிகோடு எழுத்துருவோடுதான் வந்தது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்று, அது முடியாத இடங்களுக்கு டேஸ் 16 என்றது. சித்தப்பா 2004-இல் டிடிபி சென்டருக்குப் போய் உட்கார்ந்தபோது அங்கே இருந்தது பாமினி. விசைகள் தட்டச்சு மெஷின் வரிசையில் இருந்தன, அவர் தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணியவர். வேறென்ன வேண்டும்?

அந்த ஸ்லைடுகளில் அவர் எழுதியிருந்தது வாழ்த்து இல்லை. தாத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதிய குடும்பக் கதை. யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த வருஷப் புயலில் வீட்டுக் கூரை போயிற்று, நிலம் எப்படிக் கைமாறியது எல்லாம். தாத்தா இப்போது இல்லை, வேறு பிரதியும் இல்லை. ஆகவே யூனிகோடுக்கு மாற்றியே தீர்வது என்று இறங்கினேன்.

மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சுரதாவின் 'பொங்கு தமிழ்' இருக்கிறது, என்எச்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது. சம்பளம் வாங்காமல் இந்த மாதிரிக் கருவிகளைச் செய்துவைத்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தெருப் பெயராவது வைத்திருக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் முடிந்துவிடும் வேலை இல்லை இது. பாமினியில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். காகிதத்தில் எழுதும் வரிசை. யூனிகோடில் க முதலில், அதற்குப் பின்னால் ஒகரக் குறி. கொம்பு ஒவ்வொன்றையும் பிடித்து எழுத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும். மாற்றி அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தது. ஒரே ஓர் இடத்தில் சறுக்கியது. தாத்தாவின் பட்டத்தை ஆங்கிலத்தில் பி.ஏ. என்று போட்டிருந்தார் சித்தப்பா. அதையும் பாமினி என்றே நம்பிய மாற்றி, பெரிய பி என்றால் டீ, பெரிய ஏ என்றால் யு என்று தன் விதிப்படி பெயர்த்துவிட்டது. தாத்தா டீ.யு. ஆகிவிட்டார். நாற்பதுகளில் கல்லூரி வாசல் மிதித்தவர் என்று ஊரெல்லாம் பேசப்பட்ட மனிதர்!

எங்கள் வீட்டுக் கதையை உட்கார்ந்து திருத்த நான் இருக்கிறேன். பல்கலைக்கழக அலமாரிகளில் குறுந்தகடாகக் கிடக்கும் ஆய்வேடுகளுக்கு யார் இருக்கிறார்கள்? பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பைத் திறந்தால் அழகாகத் தமிழ் தெரிகிறது. அதில் 'பாசனம்' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஒரு வரியைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அரைப்புள்ளியாக உதிர்கிறது. தேடுபொறி அதைத் தமிழ் என்று ஒருநாளும் அறியப்போவதில்லை. இணையத்தில் தமிழ் குறைவு என்று கருத்தரங்குதோறும் அங்கலாய்க்கிறார்கள். வட்டுகளில் இருக்கும் தமிழை முதலில் தமிழாக்குங்கள் ஐயா. மாற்றி இருக்கிறது, கணினி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து டீ.யு.வைப் பி.ஏ. ஆக்க நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும். துறைக்குத் துறை இதைச் செய்யலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியை நான் யூனிகோடில்தான் அடிக்கிறேன். அச்சுக்குப் போகும்போது பக்கம் கட்டும் தம்பி அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பேஜ்மேக்கரில் ஊற்றுகிறார். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல், யூனிகோடு தமிழ் அதற்கு ஆகாது. "இன்டிசைனுக்கு மாறிடலாமே தம்பி" என்றேன். "மாறிடலாம் சார். பழைய விளம்பரம் அத்தனையும் இதுலதான் இருக்கு, அதை யார் மாத்துறது?" என்றார். ஆகவே மேலே எங்கேயாவது ஒற்று விழுந்திருந்தாலோ, கொம்பு இடம் மாறியிருந்தாலோ, வாசகர்கள் எனக்குக் கடிதம் போட வேண்டாம்.