சித்திரச் சுவர்: சொத்தா, சுமையா?

சொந்த வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்க எவ்வளவு நேரம் யோசிப்பீர்கள்? ராஜஸ்தானின் ஷெகாவதி பக்கம் கொஞ்சம் அதிகமாகவே யோசிக்க வேண்டும். ஆணி இறங்கும் இடத்தில் கிருஷ்ணர் இருப்பார். இல்லாவிட்டால் ஒட்டகத்தில் போகும் டோலாவும் மாருவும் இருப்பார்கள்!

ஜுன்ஜுனு, சிகர், சூரு மாவட்டங்களில் மார்வாடி வியாபாரிகள் கட்டிய ஹவேலிகள் அப்படிப்பட்டவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவற்றில் வாசல், முற்றம், வெளிச்சுவர் என்று எல்லா இடத்திலும் ஓவியம் வரைந்தார்கள். சம்பாதித்தது கல்கத்தாவிலும் பம்பாயிலும். செலவழித்தது சொந்த ஊரில். பர்மாவில் சம்பாதித்து செட்டிநாட்டில் வீடு கட்டிய கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். புராணக் கதைகளுக்குப் பக்கத்திலேயே ரயில், கார், கிராமபோன் எல்லாம் உண்டு.

பிறகு குடும்பங்களும் நகரத்துக்கே போய்விட்டன. பல வீடுகளில் இன்று காவலாளி மட்டும்தான். சில வீடுகளில் பங்காளிகளில் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். அவர் ஓவியத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டால் உடனே திட்டு விழுகிறது: "கலை தெரியாத ஜனங்கள்!"

இந்தத் திட்டு நியாயமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அந்த ஓவியம் சுண்ணாம்புப் பூச்சின் மேல் இருப்பது. விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உப்புப் பூத்து, பக்கத்தில் இருக்கும் நிறமும் உதிரும். ஆக, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்துக் கூலி கொடுக்க வேண்டும். வெளிச்சுவரைத் தெருவே ரசிக்கிறது, டூரிஸ்ட் போட்டோ எடுக்கிறார். பில் மட்டும் உள்ளே இருப்பவருக்கு! விற்கலாம் என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ரிப்பேருக்குப் பணம் கேட்டால் ஒருவரும் போன் எடுப்பதில்லை.

நல்ல உதாரணங்களும் உண்டு. நவல்கரில் 1902ல் கட்டிய போதார் ஹவேலி இப்போது மியூசியம். ஃபதேபூரில் 1802ல் கட்டிய ஒரு ஹவேலியை 1998ல் நதீன் லெ பிரின்ஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் வாங்கிச் சீர்செய்தார். ஆனால் எல்லா வீட்டையும் மியூசியமாக்க முடியுமா? எல்லா வீட்டுக்கும் ஓர் ஓவியர் வருவாரா?

ஒரு சித்திரச் சுவருக்கு நல்ல காவல், அந்த வீட்டில் குடியிருக்கும் குடும்பம்தான். மழைக்கு முன் மொட்டைமாடித் தூம்பை அடைத்த குப்பையை எடுப்பது அவர்கள். கூரை ஒழுகினால் முதலில் பார்ப்பதும் அவர்கள். அவர்கள் வெளியேறினால் அடுத்து சுவரும் போய்விடும்.

அதனால் பங்கு கேட்கும் வாரிசுகள் பராமரிப்பிலும் பங்கு போடட்டும். சுவரைக் காட்டிச் சம்பாதிக்கும் ஹோட்டல்களும் கைடுகளும் கொஞ்சம் கொடுக்கட்டும். அதுவரை, சமையலறைப் புகையோடும் குழந்தைகளின் கிறுக்கலோடும் அந்தச் சுவரைக் காப்பாற்றிவரும் குடும்பம் ஒரு காலண்டருக்கு ஆணி அடித்தால், அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.