நோக்கியாவும் பாம்பன் ஐஸ் கம்பெனியும்

ராமேஸ்வரத்தில் பி.காம். படிக்கும் நண்பர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "லீவு நாளில் படகுக்குப் போய்ச் சேர்த்த காசு 40 ஆயிரம் கையில இருக்கு. எங்க வீட்டில் எல்லாருக்கும் கடல்தான் வருமானம். அதனால காசையாவது வெளியே போடலாம்னு பார்க்கிறேன். ஐரோப்பாவில் ஒரே ஒரு நாட்டோட இண்டெக்ஸ் ஃபண்டு வாங்கலாமா? மொத்த நாட்டையும் வாங்கிட்டா ரிஸ்க் கம்மிதானே?"

சம்பாதிக்கிற இடமும் சேமிக்கிற இடமும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லித் தராமலே உங்களுக்குப் புரிஞ்சிருக்கு. சபாஷ்! ஆனா கடைசிக் கேள்வியில்தான் வில்லங்கம் இருக்கு பாஸ்.

'பாம்பன் இண்டெக்ஸ்'னு ஒண்ணு இருக்கறதா வெச்சுக்குங்க. அதுல விசைப்படகு, ஐஸ் கம்பெனி, டீசல் பங்க், வலைக்கடை, மீன் ஏத்துற லாரி, ஜெட்டி பக்கத்து டீக்கடைன்னு ஆறு தொழில். ஆறையும் வாங்கிட்டீங்க. ஏப்ரல் 15 வருது. விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும். ஐஸ் யாருக்கு? டீசல் யாருக்கு? டீக்கடைக்காரர் பாலைப் பாதியாக் குறைச்சுடுவார். பேர்தான் ஆறு, கடல் ஒண்ணு. (ராமேஸ்வரத்துக்காவது கோயிலும் யாத்ரீகர்களும் இருக்காங்க. தடைக்காலத்திலும் ஆட்டோ ஓடும்.)

இது கற்பனை. நிஜத்தில் இதைப் பார்த்த நாடு ஃபின்லாந்து.

ஜனத்தொகை சுமார் 56 லட்சம். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தைப் போல நாலு மடங்கு, அவ்வளவுதான். 2000-ம் ஆண்டில் நோக்கியா உச்சத்தில் இருந்தபோது, ஹெல்சிங்கி பங்குச்சந்தையின் மொத்த மதிப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் அந்த ஒரே கம்பெனி! பேப்பர் மில், பேங்க், லிஃப்ட் கம்பெனி எல்லாம் சேர்ந்து மிச்சம் 30-க்குள் ஒண்டிக்கிட்டு இருந்தன. சாதாரண இண்டெக்ஸில் பெரிய கம்பெனிக்குப் பெரிய பங்கு, சின்னதுக்குச் சின்ன பங்கு. அப்படி ஒரு கணக்கில் அன்னிக்கு 'ஃபின்லாந்தை' வாங்கியவர் 100 ரூபாய்க்கு 70 ரூபாய் நோக்கியாவையே வாங்கினார். நாடுங்கிறது கவர் மேல் இருந்த லேபிள்.

அதுக்கப்புறம் கதை உங்களுக்கே தெரியும். 2007-ல் ஐபோன் வந்துச்சு. 2000-ல் 65 யூரோவை ஒட்டி இருந்த நோக்கியா பங்கு, 2012-ல் 2 யூரோவுக்கும் கீழே போச்சு. 2014 ஏப்ரலில் போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறிடுச்சு.

இதில் நம்ம ஊர் ஆட்களும் மாட்டினாங்க. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கின நோக்கியா ஃபேக்டரியில் ஒரு கட்டத்தில் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தாங்க. பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச கையோடு போன பசங்களும் பொண்ணுங்களும். வரி வழக்கு காரணமா அந்த ஃபேக்டரி மைக்ரோசாஃப்ட் டீலில் சேரலை. 2014 நவம்பர் 1-ல் மூடினாங்க. ஹெல்சிங்கியில் நோக்கியாவில் வேலை பார்த்துக்கிட்டே உள்ளூர் மார்க்கெட்டில் சேமிச்ச ஒருத்தரை யோசிச்சுப் பாருங்க. சம்பளம், சேமிப்பு ரெண்டுக்கும் ஒரே நேரத்தில் தடைக்காலம்!

ஃபின்லாந்துக்காரங்க விவரம் தெரியாதவங்க இல்லை. ஒரு கம்பெனிக்கு 10 சதவீதத்துக்கு மேல் இடமில்லைன்னு உச்சவரம்பு போட்ட இண்டெக்ஸும் அங்கே இருந்துச்சு. அதே நாடு, அதே கம்பெனிகள்; ஆனா எந்த இண்டெக்ஸ்ங்கிறதைப் பொறுத்து அடி வேற. அமெரிக்காவில் 2012-ல் வந்த ஐஷேர்ஸ் எம்.எஸ்.சி.ஐ. ஃபின்லாந்து ஃபண்டிலும் வரம்பு உண்டு, கொஞ்சம் தாராளமா 25 சதவீதம். இன்னிக்கு அங்கே நோக்கியா சாதாரண உறுப்பினர். நோர்டியா பேங்க், சாம்போ இன்சூரன்ஸ், லிஃப்ட் செய்யற கோனே எல்லாம் கூட இருக்கு. கோனேவுக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபேக்டரி இருக்குங்கிறது உபரித் தகவல்.

'அது பழைய கதை'ன்னு சொல்றவங்களுக்கு டென்மார்க். உடம்பு குறைக்கும் ஊசி மருந்தால் நோவோ நோர்டிஸ்க் 2023-ல் ஐரோப்பாவிலேயே மதிப்பு மிக்க கம்பெனி ஆச்சு. அதன் மார்க்கெட் மதிப்பு டென்மார்க்கோட ஒரு வருஷ உற்பத்தியையே தாண்டுச்சு. 2024 நடுவில் உச்சம். 2025 முடியறப்போ பங்கு விலை பாதிக்கும் கீழே.

சரி, இங்கிருந்து எப்படி வாங்குவது? ரிசர்வ் பேங்க் விதிப்படி ஒருத்தர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். உங்க 40 ஆயிரத்துக்கு அந்த வரம்பு தொந்தரவே இல்லை. தொந்தரவு பேங்க் கட்டணம். பணம் அனுப்பும் சார்ஜ், ரூபாயை டாலராக்கும்போது விழும் வித்தியாசம், புரோக்கர் கமிஷன் எல்லாம் முதல் நாளே ஒரு கடி கடிக்கும். சின்னத் தொகையில் கடி பெருசாத் தெரியும். கரன்சி பக்கம் கொஞ்சம் ஆறுதல் உண்டு: 1999-ல் யூரோ பிறந்தப்போ சுமார் 50 ரூபாய், 2025-ல் 100-ஐத் தாண்டுச்சு. ஆனா 65 யூரோ 2 யூரோ ஆகும்போது அந்த ஆறுதல் எந்த மூலைக்கு?

என் யோசனை இது. முதலில் 61 நாள் வீட்டுச் செலவுக்கான பணம் பேங்கில் இருக்கட்டும். அதுக்கு மேல இருக்கிறதில் பெரும்பகுதி நம்ம நாட்டு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில். கடலுக்குச் சம்பந்தமில்லாத தொழில்கள் அதிலேயே நிறைய உண்டு. வெளிநாடு போகணும்னா பல நாடுகள் சேர்ந்த ஃபண்டைப் பாருங்க. ஒரே நாடுதான் வேணும்னு மனசு அடம் பிடிச்சா, போனாலும் தூக்கம் கெடாத தொகையை மட்டும் ஒதுக்குங்க.

நீங்க பார்த்து வெச்சிருக்கிற ஃபண்டு எந்த நாடுன்னு எழுதலை. அதோட ஃபேக்ட்ஷீட்டில் 'டாப் 10 ஹோல்டிங்ஸ்'னு ஒரு பட்டியல் இருக்கும். முதல் பேருக்கு எதிரே எத்தனை சதவீதம் போட்டிருக்குன்னு பார்த்து எழுதுங்க. அடுத்த வாரம் அதை வெச்சே பேசலாம்.