20,000 பேருக்கு வேலை; தண்ணீர் எவ்வளவு?

உளுந்தூர்பேட்டையில் படித்து முடித்த பிள்ளைகள் பலர் சென்னைக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். வேலை அங்கே இருக்கிறது. சென்னை பெருத்ததும் இப்படித்தான். 2001-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் ஜனத்தொகை சுமார் 70 இலட்சம். 2026-இல் அது 126 இலட்சத்தை எட்டும் என்று, 2008-இல் அரசு ஒப்புதல் பெற்ற நகரத் திட்டம் கணித்தது.

இதை எப்படிக் கணிக்கிறார்கள்? இருக்கிற ஜனங்களோடு பிறப்பைக் கூட்டுகிறார்கள், இறப்பைக் கழிக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சேர்க்கிறார்கள், போகிறவர்களைக் கழிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இன்று சராசரியாக ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. ஆகவே பிறப்பினால் ஊர் அதிகம் பெருகாது. வேலை தேடி வருகிறவர்களால்தான் பெருகும்.

அந்த வேலை இப்போது உளுந்தூர்பேட்டையைத் தேடி வந்திருக்கிறது. தைவான் நாட்டு பௌ சென் கம்பெனி, இங்குள்ள சிப்காட்டில் காலணி ஆலை அமைக்க 2023 ஏப்ரலில் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்தது. முதலீடு 2,302 கோடி ரூபாய். 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை என்பது மதிப்பீடு.

2011 கணக்கெடுப்பில் உளுந்தூர்பேட்டையின் ஜனத்தொகையே இருபதாயிரத்துச் சொச்சம்தான்! ஓர் ஊர் அளவுக்கு ஓர் ஆலை!

எண்ணிப் பாருங்கள். பாதிப் பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து போகட்டும். மீதிப் பத்தாயிரம் பேர் இங்கேயே குடியேறினால்? வீட்டுக்கு நாலு பேர் என்றாலும் 40,000 பேர். அவர்களுக்கு வீடு வேண்டும். குடிதண்ணீர் வேண்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாக்கடை எல்லாம் வேண்டும். ஆலை எழும்பியபின் குழாய்க்குத் தோண்டினால், அதுவரை வாடகையும் தண்ணீர் விலையும் ஏழைகளின் தலையில்தான் விழும்.

செய்யாறு சிப்காட்டைப் பாருங்கள். அங்குள்ள காலணி ஆலைகளில் பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். கிராமத்துப் பெண் மாதச் சம்பளம் வாங்குவது பெரிய காரியம். ஆனால் கைக்குழந்தையை யாரிடம் விட்டு வருவாள்? இரவு பஸ் இறங்கும் இடத்தில் விளக்கு எரியுமா? இதற்கும் இப்போதே திட்டம் வேண்டும்.

மதிப்பீடு என்பது கையில் வந்த சம்பளம் ஆகாது. 20,000 பேரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களில் உள்ளூரார் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் அரசு ஊரறியச் சொல்லட்டும். கூடவே, எத்தனை வீடு கட்டினோம், எத்தனை குடம் தண்ணீர் கூட்டினோம் என்றும் சொல்லட்டும். இரண்டு கணக்கும் சேர்ந்து ஏறினால்தான் ஊர் வளர்ந்தது என்று பொருள்.