ஊரான் வீட்டு நெய்யே!

நீங்கள் ஓட்டுப் போடும்போது மனசுக்குள் என்ன நினைத்துக்கொண்டு போடுகிறீர்கள் என்று சட்டம் கேட்குமா?

கேட்கும். அமெரிக்காவில், மிஸிஸிப்பி மாநிலத்தில் கேட்கிறது. ஒரு கட்சியின் பிரைமரி தேர்தலில் ஓட்டுப் போட வருகிறவர், அதில் ஜெயிக்கிற வேட்பாளரை நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலிலும் ஆதரிக்கும் எண்ணத்தோடுதான் வரவேண்டுமாம். அந்த எண்ணம் இருக்கிறதா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மண்டையைத் திறந்தா பார்க்க முடியும்? அதைப் பற்றியெல்லாம் சட்டம் எழுதியவர்கள் கவலைப்படவில்லை. 'விசுவாசம் வேண்டும்' என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்த விசுவாசத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறேன்.

முதலில், பிரைமரி என்றால் என்ன என்று இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடுவோம். அங்கே கட்சியின் வேட்பாளரைத் தலைவர் அறிவிப்பதில்லை. ஜனங்கள் ஓட்டுப் போட்டுப் பொறுக்கி எடுக்கிறார்கள். எப்போதும் இப்படி இருந்ததில்லை. கட்சி முதலாளிகள் மாநாடு கூட்டி, தங்களுக்குள் பேசி முடிப்பதுதான் பழைய வழக்கம். விஸ்கான்ஸின் மாநிலத்து ராபர்ட் லா ஃபாலெட், 1896-லும் 1898-லும் கவர்னர் பதவிக்கு நிற்கப் பார்த்தார். இரண்டு முறையும் மாநாட்டில் கவிழ்த்தார்கள். 1900-ல் ஒருவழியாக ஜெயித்து கவர்னரானவர், இந்த மாநாட்டு வியாபாரத்துக்கே முடிவு கட்டக் கிளம்பினார். 1904-ல் விஸ்கான்ஸின் மக்கள் நேரடி பிரைமரிக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்த யோசனை மெள்ள மெள்ள தேசம் முழுக்கப் பரவியது.

ஆனால், யார் ஓட்டுப் போடலாம் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சட்டம். சில இடங்களில் 'மூடிய' பிரைமரி. கட்சியில் பதிந்துகொண்டவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம். சில இடங்களில் 'திறந்த' பிரைமரி. யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால், ஏதாவது ஒரு கட்சியின் ஓட்டுச் சீட்டைத்தான் வாங்கலாம். இப்படித் திறந்த கதவு வழியாக ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடுவதுதான் 'கிராஸ்ஓவர் ஓட்டு'. தாண்டி வந்து போடும் ஓட்டு.

இதற்குத்தான் அங்கே இத்தனை கூச்சல். துரோகம், ஊடுருவல், கொள்ளை என்று விதவிதமாக வசை.

கூச்சல் போடுகிறவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1972 மே மாதம் மிச்சிகனில் ஜனநாயகக் கட்சி பிரைமரி. நிறவெறிக்குப் பேர்போன ஜார்ஜ் வாலஸ் 51 சதவிகித ஓட்டு வாங்கி ஜெயித்தார். முந்தின நாள்தான் மேரிலேண்டில் அவரைச் சுட்டிருந்தார்கள். குடியரசுக் கட்சியில் நிக்ஸனுக்குப் பெரிய போட்டியே இல்லாததால், அந்தக் கட்சிக்காரர்கள் பலர் இந்தப் பக்கம் தாண்டி வந்து குத்திவிட்டுப் போனார்கள்.

2008-ல் நடந்தது இன்னும் கூத்து. குடியரசுக் கட்சியில் ஜான் மெக்கெய்ன்தான் வேட்பாளர் என்று மார்ச்சிலேயே முடிவாகிவிட்டது. அந்தப் பக்கம் ஒபாமாவும் ஹிலரியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ரஷ் லிம்பா என்ற ரேடியோ பேச்சாளர், 'போய் ஹிலரிக்குக் குத்துங்கள், அவர்கள் சண்டை நீளட்டும்' என்று தன் நேயர்களை ஏவினார். 'ஆபரேஷன் கேயாஸ்' என்று பெயரும் சூட்டினார். இண்டியானாவில் ஹிலரி சுமார் ஒரு சதவிகித வித்தியாசத்தில் ஜெயித்தபோது, 'எல்லாம் என் வேலை' என்கிற தோரணையில் மார் தட்டினார். கடைசியில் என்ன ஆச்சு? ஒபாமாதான் வேட்பாளர். ஒபாமாதான் ஜனாதிபதி.

"எங்கள் கட்சி எங்கள் வீடு. எங்கள் வீட்டு மாப்பிள்ளையை அடுத்த வீட்டுக்காரன் எப்படித் தேர்ந்தெடுக்கலாம்?" இதுதான் அவர்களுடைய வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2000-ல் கலிஃபோர்னியா வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே சீட்டில் போட்டு, யாரும் யாருக்கும் குத்தலாம் என்று அந்த மாநில மக்கள் 1996-ல் கொண்டுவந்த முறையை, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ரத்து செய்தது. யாரோடு சேருவது, யாரை ஒதுக்குவது என்பது கட்சியின் சுதந்திரம் என்றது.

நான் பி.காம். படித்தவன். யார் எந்த லட்சியம் பேசினாலும் முதலில் செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. ஆகவே கேட்கிறேன். வீடு உங்களுடையது, மாப்பிள்ளை உங்களுடையவர், எல்லாம் சரி. கல்யாணச் செலவு யாருடையது?

பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரி தேர்தலை நடத்துவது அரசாங்கம். சாவடி, சீட்டு, எந்திரம், ஊழியர் சம்பளம் எல்லாம் வரிப்பணம். அந்த வரியைக் கட்டுகிறவர்களில் எந்தக் கட்சியும் சேராதவர்களும் இருக்கிறார்கள். கேலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்புகளில் சமீப வருஷங்களில் அமெரிக்கர்களில் 40 சதவிகிதத்துக்கு மேல் தங்களை 'சுயேச்சை' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஃப்ளோரிடாவில் மட்டும் கட்சி சாராத வாக்காளர்கள் 30 லட்சத்துக்கும் மேல். அங்கே மூடிய பிரைமரி. பணம் கட்டு, ஆனால் பந்தலுக்குள் வராதே!

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

தனிக் கிளப் என்றால் தனிக் கிளப்பாக நடந்துகொள்ளுங்கள். அயோவாவில் காக்கஸ் நடத்துகிறார்களே, அதைக் கட்சியே நடத்துகிறது. மாநாடு கூட்டித் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறது. சொந்தக் காசில் மண்டபம் பிடித்து, உறுப்பினர் அட்டை பார்த்து உள்ளே விடுங்கள். ஒரு பயல் கேள்வி கேட்கமாட்டான். அரசாங்கச் செலவும் வேண்டும், கிளப் அந்தஸ்தும் வேண்டும் என்றால் எப்படி?

இந்த 'கிளப்' வாதத்துக்கு ஒரு பூர்வ சரித்திரமும் இருக்கிறது. அது அழகான சரித்திரமில்லை. டெக்ஸாஸ் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி வைத்ததுதான் சட்டம் என்றிருந்த காலம். பிரைமரியில் ஜெயித்தால் பதவி நிச்சயம். அந்த பிரைமரியில் கறுப்பர்கள் ஓட்டுப் போடக்கூடாது என்று 1923-ல் மாநிலமே சட்டம் போட்டது. கோர்ட் 1927-ல் அதை அடித்தது. 'சரி, அரசாங்கம்தானே தடுக்கக்கூடாது? நாங்கள் தனியார் சங்கம், நாங்களே தடுத்துக்கொள்கிறோம்' என்று கட்சி தீர்மானம் போட்டது. 1935-ல் சுப்ரீம் கோர்ட் அதற்கும் தலையாட்டியது! ஹூஸ்டனைச் சேர்ந்த லானி ஸ்மித் என்ற கறுப்பின பல் டாக்டர் வழக்குப் போட்டு, தர்குட் மார்ஷல் வாதாடி, 1944-ல்தான் எட்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பில் அந்தக் கதவு உடைந்தது. அந்த மார்ஷல்தான் 1967-ல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் கறுப்பின நீதிபதியானவர்.

இன்றைய மூடிய பிரைமரியும் அன்றைய வெள்ளையர் பிரைமரியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தோலைப் பார்த்துத் தடுப்பதும் கட்சிப் பதிவைப் பார்த்துத் தடுப்பதும் ஒன்றாகாது. ஆனால் 1944 தீர்ப்பிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். பதவி நிர்ணயமாகிற இடம் எதுவோ, அதுதான் தேர்தல். அதற்கு வெளியே ஒருவரை நிறுத்திவிட்டு, 'நவம்பரில் வந்து தாராளமாகப் போடு' என்பது, சாப்பாடு முடிந்த பிறகு இலை போட்டு உட்காரச் சொல்வது மாதிரி.

இப்போது மறுபடியும் மிஸிஸிப்பிக்குப் போவோம். அங்கே ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் செனட்டுக்குக் கடைசியாக ஜெயித்தது 1982-ல். அதற்கப்புறம் 2024 வரை வேறு யாரும் ஜெயித்ததில்லை. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். இந்தக் கணக்குப்படி அவர்கள் ஆயுசு முழுக்க ஓட்டுப் போட்டாலும் செனட்டர் யார் என்பதில் அவர்களுக்குப் பேச்சில்லை.

2014-ல் ஒரு வாய்ப்பு வந்தது. குடியரசுக் கட்சி பிரைமரியில் பழம்பெரும் செனட்டர் தாட் காக்ரனும் தீவிர வலதுசாரி கிரிஸ் மெக்டேனியலும் மோதினார்கள். முதல் சுற்றில் மெக்டேனியல் ஒரு மயிரிழை முன்னே. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால் ஜூன் 24-ல் மறு சுற்று. காக்ரன் ஆட்கள் கறுப்பின மக்களிடம் போய் ஓட்டுக் கேட்டார்கள். ஜனங்கள் வந்தார்கள்; குத்தினார்கள். சுமார் 7,700 ஓட்டு வித்தியாசத்தில் காக்ரன் ஜெயித்தார். மெக்டேனியல் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் கோர்ட்டுக்குப் போனார். தாமதமாக வந்தீர்கள் என்று கோர்ட் திருப்பி அனுப்பிவிட்டது.

சொல்லுங்கள், அந்த வாக்காளர் செய்தது துரோகமா? இரண்டு பேரில் ஒருத்தர்தான் தன்னை ஆளப்போகிறார் என்று தெரிந்து, தனக்குக் கெடுதல் குறைவான ஆளைத் தேர்ந்தெடுத்தார். இதற்குப் பெயர் ஊடுருவல் என்றால் ஓட்டு என்ற வார்த்தைக்கு அர்த்தம் என்ன?

சரி, உண்மையான ஊடுருவல்காரர்கள் யார் தெரியுமா? விசுவாசம் பற்றி வகுப்பெடுக்கும் அதே பெரிய மனிதர்கள்தான்.

2012, மிஸௌரி. ஜனநாயகக் கட்சி செனட்டர் க்ளேர் மெக்காஸ்கில், எதிர்க்கட்சி பிரைமரியில் தனக்குத் தோதான பலவீனமான எதிரி வேண்டும் என்று டாட் ஏக்கின் என்பவரைத் தூக்கிவிட்டார். எப்படி? 'இவர் ரொம்பவே பழமைவாதி' என்று திட்டுகிற மாதிரி விளம்பரம். பழமைவாதிகள் காதில் அது தேனாகப் பாயும் அல்லவா? செலவு சுமார் 17 லட்சம் டாலர். ஏக்கின் ஜெயித்து, வாயைக் கொடுத்து, நவம்பரில் தோற்றார். மெக்காஸ்கில் இதை மறைக்கவில்லை. பிறகு சுயசரிதையில் அவரே எழுதியும் வைத்தார்.

2022, மிச்சிகன். ட்ரம்ப்பைப் பதவி நீக்கத் தீர்மானத்தில் எதிர்த்து ஓட்டளித்த பத்து குடியரசுக் கட்சி எம்.பி.க்களில் ஒருவர் பீட்டர் மைஜர். அவரை எதிர்த்து ஜான் கிப்ஸ் என்ற ட்ரம்ப் ஆதரவாளர். ஜனநாயகக் கட்சியின் பிரசாரக் குழு 4 லட்சம் டாலருக்கு மேல் கொட்டி, கிப்ஸுக்கு உதவுகிற மாதிரி விளம்பரம் போட்டது. மைஜர் காலி. நவம்பரில் கிப்ஸும் காலி. தொகுதி ஜனநாயகக் கட்சிக்கு. 'ஜனநாயகத்துக்கு ஆபத்து' என்று மேடையில் முழங்கிக்கொண்டே, அதே ஆபத்தைக் காசு கொடுத்து வளர்த்தார்கள். பிசகியிருந்தால்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

இதற்கெல்லாம் எந்தச் சட்டமும் தடை இல்லை. ஒரு டீச்சரோ, லாரி டிரைவரோ தாண்டி வந்து ஒரே ஒரு ஓட்டுப் போட்டால் மட்டும் சட்டம் மீசையை முறுக்கும். வயோமிங்கில் பாருங்கள். 2022-ல் முன்னாள் துணை ஜனாதிபதியின் மகள் லிஸ் சேனியைக் காப்பாற்ற ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர் கட்சிப் பதிவை மாற்றிக்கொண்டு வந்தார்கள். அப்படியும் அவர் 29 சதவிகிதம் வாங்கிப் படுதோல்வி அடைந்தார். திருடன் வந்தான், எதுவும் திருடு போகவில்லை என்று வைத்துக்கொண்டால்கூட விட்டுவிடலாமே! 2023-ல் சட்டம் கொண்டுவந்து, வேட்புமனுக் காலம் ஆரம்பித்துவிட்டால் பிரைமரி முடியும்வரை கட்சி மாற முடியாது என்று பூட்டுப் போட்டார்கள்.

பூட்டு சொந்தக்காரனையே வெளியே நிறுத்தும் வேடிக்கையும் உண்டு. 2016 ஏப்ரலில் நியூயார்க் பிரைமரி. அதில் ஓட்டுப் போட, ஏற்கெனவே பதிந்தவர்கள் கட்சியை மாற்றிக்கொள்ள வேண்டிய கடைசி நாள் முந்தின வருஷம் அக்டோபர் 9. ஆறு மாசம் முன்னால்! ட்ரம்ப்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் கெடுவைத் தவறவிட்டதால் சொந்த அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியவில்லை.

"அப்படியானால் எதிர்க்கட்சியில் மட்டமான ஆளைப் பார்த்துக் குத்தலாம் என்கிறீர்களா ஸார்?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. லிம்பா சொன்னது அயோக்கியத்தனம். இவர் ஆளவேண்டும் என்று நினைக்காத ஒருவருக்கு ஓட்டுப் போடுவது, கட்சிக்குச் செய்யும் துரோகமல்ல. ஓட்டுக்குச் செய்யும் துரோகம். அந்தத் தப்பைச் செய்கிறவர் சிலர் இருக்கலாம். அதற்காக வாசலையே அடைத்தால், நேர்மையாக வருகிறவர்தான் மாட்டுவார். ஏமாற்றுகிறவர் கெடு தேதிக்கு முன்னாலேயே பதிந்துகொண்டு வருவார்.

வழி? கலிஃபோர்னியா 2010-ல் ஒன்றைக் கண்டுபிடித்தது. எல்லோரும் ஒரே பிரைமரியில் நிற்கட்டும், எல்லோரும் ஓட்டுப் போடட்டும், முதல் இரண்டு பேர் நவம்பரில் மோதட்டும். அதிலும் ஓட்டை உண்டு. 2012-ல் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான ஒரு தொகுதியில், அந்தக் கட்சியின் ஓட்டு பலருக்குச் சிதறி, கடைசியில் இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்கள் மோதினார்கள். குறையில்லாத முறை எங்கேயும் இல்லை. ஃப்ளோரிடாவில் 2020-ல் இதே மாதிரி ஒரு யோசனைக்கு 57 சதவிகிதம் பேர் சரி என்றார்கள். 60 தேவை என்பதால் விழுந்தது.

ஆகவே, அங்கே இருக்கிற நம்மவர்கள் யாராவது, "தாண்டிப் போய் ஓட்டுப் போடலாமா, தப்பில்லையா?" என்று கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள். சட்டம் இடம் கொடுத்தால் போடு. ஆனால், இவர் ஆண்டால் தேவலை என்று மனசாரத் தோன்றுகிறவருக்குப் போடு.

கட்சி வாக்காளருக்கு விசுவாசமாக இருக்கவேண்டும். வாக்காளர் கட்சிக்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்சியாவது சொன்னால், முதலில் தேர்தல் செலவுக்கான பில்லை அவர்கள் கையில் கொடுங்கள். பேச்சு தானாக நின்றுவிடும்.