மேலும் மேற்கும்

அசோக் நகர் மெட்ரோ ரயில் நிலையம் 2015-ம் வருஷம் திறக்கப்பட்டது. தூண்களின் மீதுள்ள அந்நிலையத்திற்கு ஏறுவதை 'அப்' என்று ஆங்கிலத்தில் சொல்வதில் நமக்கு ஆட்சேபமில்லை. ரயில்வே பாஷையிலோ 'அப்' என்பதற்கும் உயரத்திற்கும் சம்பந்தமேயில்லை. இங்கிலாந்தில் லண்டனை நோக்கிச் செல்லும் பாதை 'அப்'. மலைநாடாகிய ஸ்காட்லாந்திலிருந்து இறங்கி வந்தாலும் 'அப்'தான். ராஜதானியே உச்சி என்னும் இவ்வழக்கு, ரயிலோடு நம் தேசத்திலும் புகுந்தது.

தமிழர் நிலத்தைப் பார்த்துப் பேசினர். ஒருபுறம் மலை, மறுபுறம் கடல்; ஆதலின் மேலுள்ளது மேற்கு, கீழுள்ளது கிழக்கு. மதுரையின் மேல மாசி வீதி மேட்டு வீதியன்று, மேற்கு வீதியாகும்.

'அப்வர்ட்' பெயரடை, 'அப்வர்ட்ஸ்' வினையடை என்பது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கரோ இரண்டிடத்தும் பெரும்பாலும் முன்னதையே ஆள்வர். அவர்களே ஒன்றுபடாத ஓர் எழுத்துக்காக நம் மாணாக்கர் அஞ்சி நடுங்குவானேன்? அசோக் நகரையடுத்த மேற்கு மாம்பலத்தின் பெயரில் 'மேல்' மறைந்திருப்பதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

ஆங்கிலத்தைத் திருத்தமாகவே கற்பிக்கட்டும். ஆனால் லண்டன் எவ்வாறு மேலாயிற்று என்று கற்பிக்கும் பள்ளி, நம் மேற்கு எவ்வாறு மேலாயிற்று என்பதையும் கற்பிப்பதே முறை. தன் திசையறியாதவன் எப்பாஷையிலும் ஏறுவதெங்ஙனம்?