குட்டியின் விலையும் குணமும்



என் தங்கையின் மகள் சென்ற ஆண்டு புதுநன்மை வாங்கினாள். "உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று அவளுடைய தந்தை கேட்டபோது, கைக்கடிகாரமோ பட்டுப் பாவாடையோ கேட்பாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவள் கேட்டதோ ஒரு நாய்க்குட்டி. மகள்மீது உயிரையே வைத்திருக்கும் அந்தத் தந்தை, மறுவாரமே 'லேப்ரடார் கிராஸ்' என்று சொல்லி விற்கப்பட்ட கலப்பினக் குட்டி ஒன்றை ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்துவிட்டார். "தூய இனம் என்றால் இரண்டு மடங்கு விலை, ஐயா. இது பாதி விலை, ஆனால் குணம் அதே குணம்" என்று விற்றவர் உறுதி கூறினாராம்.

பாதி விலை, அதே குணம் என்னும் இவ்விரு சொற்களையும் நம்பித்தான் நம் குடும்பங்கள் பல இன்று கலப்பினக் குட்டிகளை வாங்குகின்றன. இவை எவ்வளவு தூரம் உண்மை என்பதை இம்மாதம் சற்று ஆராய்வோம்.

முதலில் விலையைப் பார்ப்போம். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் குட்டி வாந்தியெடுத்தது. இரத்தம் கலந்த பேதியும் கண்டது. பதறியடித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்கள். அவர் பார்த்துவிட்டு, இது 'பார்வோ' என்னும் வைரஸ் நோய் என்றார். பல்லைப் பார்த்து, குட்டிக்கு ஐந்து வாரமே ஆகியிருக்கும் என்றும் சொன்னார். பொதுவாகக் குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி போட்டு, பின்னர் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை தொடரவேண்டும். அந்தக் குட்டியோ ஒரு ஊசியும் காணாமல், தாய்ப்பாலையும் இழந்து, கைமாறி வந்திருந்தது. ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு, இறைவன் அருளால் பிழைத்துக்கொண்டது.

என் தங்கை வரவு செலவுக் குறிப்பேடு எழுதும் பழக்கமுடையவள். முதல் ஆண்டு முடிவில் அதை என்னிடம் காட்டினாள். பார்வோ சிகிச்சைக்கு 8,500 ரூபாய். தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் 3,500. சங்கிலி, படுக்கை முதலியவற்றுக்கு 1,500. உணவுக்கு மாதம் 2,000 வீதம் 24,000. ஆக மொத்தம் 37,500 ரூபாய். குட்டியின் விலையைப்போல் ஆறு மடங்குக்கும் மேல்! ஊரையும் நாயின் உருவத்தையும் பொறுத்து இத்தொகை கூடலாம், குறையலாம். ஆனால் கலப்பினம் என்பதற்காக அதன் வயிறு பாதியாவதில்லை; ஊசி மருந்தின் விலையும் பாதியாவதில்லை. நாயின் ஆயுளோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். ஆகவே, குட்டியை வாங்கும் பணம் கையில் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, மாதந்தோறும் அதைக் காப்பாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பதே அறிவுடைமை.

அடுத்தது குணம். இரண்டு இனங்களைச் சேர்த்தால் இரண்டின் நற்குணங்களும் ஒரே குட்டியில் வந்து அமையும் என்று பலர் எண்ணுகிறார்கள். பாலும் டிகாக்ஷனும் கலப்பதுபோன்ற காரியமன்று இது. அகுஸ்தீனார் சபைத் துறவியான கிரகோர் மெண்டல், புருனோ நகரத்து மடத்தின் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து, தாம் கண்ட முடிவுகளை 1866-இல் வெளியிட்டார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வந்தது. அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒன்று மீண்டும் குட்டையாக முளைத்தது. மறைந்திருந்த பண்பு அழிந்துபோகவில்லை. ஒரே ஒரு பண்பிலேயே இப்படியென்றால், எண்ணற்ற மரபணுக்களும் வளர்ப்பு முறையும் சேர்ந்து உருவாக்கும் நாயின் சுபாவத்தை எப்படி முன்கூட்டியே சொல்ல இயலும்? அதிலும், கலப்பினத்தோடு கலப்பினம் சேர்ந்து பிறந்த குட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருப்பதில் வியப்பில்லை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. அங்கே பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் ஒரு சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர் பணியாற்றினார். ஹவாய்த் தீவிலிருந்து பார்வையற்ற ஒரு பெண்மணி அவரிடம் வழிகாட்டி நாய் கேட்டிருந்தார். ஆனால் அவருடைய கணவருக்கோ நாய் ஒவ்வாது. எனவே 1989-ஆம் ஆண்டில் கான்ரன், லேப்ரடாரையும் முடி அதிகம் உதிராத பூடில் இனத்தையும் சேர்த்துப் பார்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன; அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே ஈற்றில் பிறந்த மூன்றிலேயே இந்த வேறுபாடு! ஆயினும், அவர் சூட்டிய 'லேப்ரடூடில்' என்னும் பெயர் உலகெங்கும் பரவி, அக்குட்டிகளின் விலை வானளாவ உயர்ந்தது. பொறுப்பற்றவர்கள் பணத்துக்காகக் கண்டபடி கலப்பினங்களை உருவாக்கத் தொடங்கியதைக் கண்டு, தாம் செய்த அக்காரியத்துக்காக வருந்துவதாகக் கான்ரன் 2019-இல் வெளிப்படையாகவே கூறினார்.

அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் விசாரித்து நடத்திய ஆய்வொன்று 2022-இல் வெளியாயிற்று. நாய்க்கு நாய் காணப்படும் குணவேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கையே இனத்தைக் கொண்டு விளக்கமுடியும் என்று அது காட்டுகிறது. அப்படியானால் குணம் எங்கே உருவாகிறது? பெற்ற தாயின் சுபாவம் ஒரு பங்கு. குட்டிப் பருவத்து அனுபவம் இன்னொரு பெரும் பங்கு. பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரங்கள்வரை குட்டியின் மனம் திறந்திருக்கும். தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கையில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அது கற்றுக்கொள்கிறது. பலவகை மனிதரையும் ஓசைகளையும் கண்டு பழகவேண்டிய காலமும் அதுவே. இதனால்தான் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்று நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் விதிகள் தடுக்கின்றன.

என் தங்கை வீட்டுக் குட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிட்டவில்லை. ஐந்து வாரத்தில் தாயைப் பிரிந்தது. பிறகு நோயினால் வெளியுலகையே காணாமல் கிடந்தது. ஆகவே எதைக் கண்டாலும் அதற்கு அச்சம். பாட்டியின் கைத்தடியைக் கண்டால் உறுமும். எட்டாம் மாதத்தில் ஒருநாள், தின்றுகொண்டிருந்த தட்டைச் சிறுமி நகர்த்தியபோது அவள் கையைக் கடித்துவிட்டது. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தார்கள். ஆயினும் தங்கை தாமதிக்கவில்லை. ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஊசி போடுவித்தாள். தாய்மார்களே, இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். குட்டிதானே, சிறு கீறல்தானே என்று மஞ்சள் தடவிவிட்டு இருந்துவிடாதீர்கள். வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது.

அன்றிரவு வீட்டில் பெரும் விவாதம். "மீன் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும்" என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். குழந்தையின் தந்தையும் அரைமனத்தோடு தலையசைத்தார். அப்போது, அந்த நாய் யாரைக் கண்டு உறுமிற்றோ அந்தப் பாட்டியே குறுக்கிட்டார். "அது நம்மைத் தேடி வரவில்லை, நாம்தான் அதைத் தேடிப் போய் வாங்கி வந்தோம். தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த நமக்கு, தெருவில் விடும் உரிமை ஏது?" என்றார். யாரும் மறுமொழி பேசவில்லை. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாட விட்டுவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

மறுநாள் முதல், மருத்துவரின் ஆலோசனைப்படி, பாட்டி தடியைத் தரையில் கிடத்திவிட்டுத் தம் கையாலேயே அதற்குச் சோறு வைக்கத் தொடங்கினார். சிறுமிக்கோ, அது தின்னும்போது அருகே போகலாகாது என்பது கண்டிப்பான விதி. நான்கு மாதம் பிடித்தது. இப்போது தடியைக் கண்டால் உறுமுவதில்லை. புதியவர் வந்தால் மட்டும் இன்னமும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறது.

குட்டி வாங்க எண்ணும் குடும்பத்தார்க்குச் சில சொற்கள். தாய் நாயை நேரில் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள். தாய் அமைதியாக உங்களை அணுகினால் அதுவே நல்ல சான்றிதழ். எட்டு வாரம் நிரம்பியதா, ஊசி போட்ட குறிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பெற்ற நாய்களைக் கொண்டு கணித்து, உங்கள் வீடு அதற்குப் போதுமா என்று பாருங்கள். அடர்ந்த முடியும் சப்பை மூக்கும் உள்ள இனங்களின் கலப்பு நம் ஊர் வெயிலில் துன்புறும். அன்பாக வளர்க்கப்பட்ட தெருநாய்க் குட்டியும் நல்ல தோழனாகும். அதற்கு விலையும் இல்லை, நம் வெயிலும் அதற்குப் பழக்கம்.

இவற்றையெல்லாம் எழுதப்போகிறேன் என்று தங்கை மகளிடம் சொன்னேன். "எங்கள் நாயைப் பற்றிக் கெட்டதாக எழுதிவிடாதீர்கள், பெரியம்மா" என்றாள். எழுதவில்லை. குறை அதனுடையதன்று, கேட்கவேண்டியதைக் கேளாமல் வாங்கிய நம்முடையது.